கண்ணாடி உலையில் ஆறு ஆண்டுகள்

பாரடே என்றதும் நம் நினைவுக்கு வருவன காந்தமும் கம்பிச் சுருளுமே. மின்தூண்டல் விதியை உருப்போடாமல் பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டியவர் நம் சங்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். வேதியியல் பயின்றோர்க்கு மின்பகுப்பு விதிகளும் பென்சீனும் நினைவில் எழும். கொல்லர் மகனாய்ப் பிறந்து, பைண்டிங் கடையில் பையனாய் வேலை பார்த்து, உலகம் போற்றும் அறிஞராய் உயர்ந்த அவர் கதையும் பலரும் கேட்ட கதைதான். ஆனால் அப்பெருமகனார் தம் வாழ்வின் நடுப்பகுதியில், 1825 முதல் 1831 வரை, கண்ணாடியோடு மல்லுக்கட்டிய கதையை அறிந்தோர் சிலரே. அவர் வரலாற்றை எழுதுவோர் பலர் இதனை ஒரே பத்தியில் கடந்து விடுகின்றனர்; பயனற்றுப் போன ஆண்டுகள் என்று இரங்குவோரும் உண்டு. கண்ணாடியின் மேற்பரப்பில் அயனிகள் இடம் மாறுவதைப் பற்றி ஆராயும் மாணவன் நான். அந்த இரக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆதலால் இவ்வாழ்க்கை வரலாற்றை, பிறர் விரைந்து செல்லும் இடத்தில் நின்று, பிறர் நிற்கும் இடத்தில் விரைந்து சொல்லப் போகிறேன்.

மைக்கேல் பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் நோயாளி. பட்டடையில் நாள் முழுதும் நிற்க உடல் இடங்கொடாதவர். வீட்டில் பிள்ளைகள் நால்வர். எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 1805இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் தொழில் பழக ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். தைக்க வந்த புத்தகங்களைத் தைப்பதோடு நில்லாமல் படிக்கவும் செய்தார். ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும், பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றி வந்த கட்டுரையும் அவரைப் பற்றிக்கொண்டன. 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டுக் கொடுத்தார். கேட்டதையெல்லாம் முந்நூறு பக்க அளவில் எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார் பாரடே. 1813 மார்ச்சில் இராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியல் உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம். தங்குவதற்கு மாடியில் இரண்டு அறை.

டேவியோடு ஐரோப்பா முழுதும் சுற்றியது, அப்பயணத்தில் டேவியின் மனைவி அவரை ஏவலாள்போல் நடத்தியது, 1821இல் சாரா பர்னார்டை மணந்தது, அவ்வாண்டே மின்சாரத்தால் காந்தத்தைச் சுழல வைத்தது ஆகியவற்றை எந்த நூலிலும் காணலாம். நம் கதைக்கு வேண்டியது 1824. அவ்வாண்டு சனவரியில் அவர் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சொசைட்டியின் தலைவராக இருந்தவர் டேவி. மாணவனின் தேர்வை எதிர்த்தவரும் அவரே! குருவுக்கும் சீடருக்கும் இடையே விழுந்த இந்த விரிசல் பிறகு முழுதும் மூடவில்லை. அதே ஆண்டில்தான் கண்ணாடிச் சிக்கலும் தொடங்கிற்று.

அக்காலத்தில் கடலாட்சி நடத்திய பிரிட்டனுக்கு நல்ல தொலைநோக்கி வேண்டும். நல்ல தொலைநோக்கிக்கு நல்ல கண்ணாடி வேண்டும். வில்லை செய்ய ஏற்ற ஈயக் கண்ணாடியைக் குறையின்றி வார்க்க இங்கிலாந்தில் ஆளில்லை. சுவிட்சர்லாந்துக்காரரான கினாண்டும், பவேரியாவில் பிரான்ஹோபரும் அந்த வித்தையைக் கைவரப் பெற்றிருந்தனர். இங்கிலாந்தில் கண்ணாடிக்குக் கடுமையான வரி. உலை மூட்டிச் சோதனை செய்யவும் வரி அதிகாரியின் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டை அரசு விலக்கி, செலவையும் தானே ஏற்க முன்வந்தது. இராயல் சொசைட்டியும் கடல்வழித் தீர்க்கரேகை வாரியமும் சேர்ந்து 1824இல் ஒரு குழு அமைத்தன. அடுத்த ஆண்டு அதிலிருந்து மூவரைத் தெரிந்தெடுத்து வேலையை ஒப்படைத்தனர். வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல் கண்ணாடியின் ஒளியியல் பண்புகளை அளப்பது. கருவி செய்யும் டாலண்டு அதனைத் தீட்டி வில்லையாக்குவது. வேதியியல் தெரிந்த பாரடே கண்ணாடியையே உருவாக்குவது. மூவரில் உலை முன் நின்று வேகவேண்டியவர் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இஃது அவர் தாமே தேடிக்கொண்ட வேலையன்று. மேலிருந்து வந்தது, மறுக்கும் நிலையில் அவர் இல்லை.

முதலில் பால்கன் கண்ணாடித் தொழிற்சாலையில் சோதனைகள் நடந்தன. அங்கும் இங்கும் அலைந்து பயனில்லையென்று கண்டு, 1827இல் இராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே உலை கட்டினர். ஆண்டின் முடிவில் உதவிக்கு ஓர் ஆளும் வந்து சேர்ந்தார்: பீரங்கிப் படையில் சார்ஜண்டாக இருந்த சார்லஸ் ஆண்டர்சன். சொன்னதைச் சொன்னபடி செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். ஒருநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப் பாரடே மறந்துவிட, மனிதர் விடியும் வரை உலைக்கு நெருப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்றொரு கதை வழங்குகிறது. இப்படி ஓர் ஆள் கிடைத்தால் நம் ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ பட்டங்கள் விரைவில் முடியும்.

பாரடே வார்த்தது சாதாரணக் கண்ணாடியன்று. ஈய ஆக்சைடு, சிலிகா, போரிக் அமிலம் மூன்றையும் சேர்த்து உருக்கிய கனமான கண்ணாடி. ஈயத்தை நைட்ரேட்டாக்கிப் படிகமாக்கித் தூய்மை செய்வார். மண் கலத்தில் உருக்கினால் கலமே கரைந்து கண்ணாடியில் கோடு விழும் என்பதால், பிளாட்டினத் தகட்டை மடித்துத் தட்டாக்கி அதில் உருக்கினார். அதிலும் ஓர் இடையூறு. உலையின் புகை உள்ளே புகுந்தால் ஈய ஆக்சைடு ஈயமாகக் குறைந்து, பிளாட்டினத்தோடு கலந்து, தட்டில் ஓட்டை போட்டுவிடும். ஆகவே காற்று மட்டும் உள்ளே வரக் குழாய் வைத்தார். உருகிய குழம்பில் குமிழிகள் அடங்க மறுத்தபோது பிளாட்டினத் தூளைத் தூவினார். சிறு குமிழிகள் அத்தூளைச் சுற்றித் திரண்டு பெரிதாகி மேலெழுந்து வெடித்தன. கலக்குவதற்கும் பிளாட்டினத்தால் ஒரு கரண்டி செய்துகொண்டார். கலக்காவிட்டால் கனமான பகுதி அடியிலும் இலேசான பகுதி மேலுமாகப் பிரிந்து, வில்லையில் நூல் நூலாய்க் கோடு தெரியும்.

1829ஆம் ஆண்டின் இறுதியில் இராயல் சொசைட்டியில் பேக்கர் சொற்பொழிவாக இவையனைத்தையும் பாரடே மூன்று கூட்டங்களில் வாசித்தார். அடுப்புக் கட்டும் வகையிலிருந்து தட்டு மடிக்கும் வகை வரை எதையும் ஒளிக்காமல் சொல்லிய கட்டுரை அது. அதன் நடுவே, போகிற போக்கில் சொல்வதுபோல், கண்ணாடியின் மேற்பரப்பைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. என்னைப் பிடித்துக்கொண்டவை அந்த வரிகளே.

கண்ணாடியை நுண்ணிய தூளாக்கி, மஞ்சள் தடவிய தாளில் வைத்து, ஒரு துளி தண்ணீர் விட்டால் தாள் சிவக்கிறது என்று அவர் காட்டினார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அதாவது, உறுதியே உருவானது என்று நாம் நம்பும் கண்ணாடி, ஒரு துளி தண்ணீருக்குத் தன் காரத்தை அவிழ்த்துக் கொடுத்துவிடுகிறது. கண்ணாடி இறுகப் பிணைந்த ஒரே வேதிச் சேர்மம் அன்று, ஒன்றில் ஒன்று கரைந்த பல பொருள்களின் கலவை என்பதே அவர் கொண்ட முடிவு. அப்படியானால் கண்ணாடிக் குவளை ஏன் தண்ணீரில் கரைந்து போவதில்லை? அதற்கும் அவர் விடை சொன்னார். துளையின்றி இறுகிய அதன் அமைப்பு ஒரு காரணம். அதன் மேல் சிலிகா மிகுந்த, கரையாத மெல்லிய படலம் ஒன்று போர்வைபோல் கிடப்பது மற்றொரு காரணம்.

சென்ற குளிர்காலத்தில் நானும் இதனைச் செய்து பார்த்தேன். உடைந்த நுண்ணோக்கித் தகடு ஒன்றைக் கல்வத்திலிட்டு அரைத்தேன். விடுதிச் சமையற்கட்டில் மஞ்சள்தூள் கேட்டு வாங்கி, வடிதாளில் தோய்த்து உலர்த்தினேன். வடநாட்டுச் சமையற்காரருக்கு நான் எதற்குக் கேட்கிறேன் என்பது கடைசி வரை விளங்கவில்லை; அடிபட்டுவிட்டதோ என்று விசாரித்தார். ஒரு துளி நீர் விட்டதும் தூளைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் பரவியது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவிகளில் அதே செய்தியை எண்களாக நான் முன்பே கண்டிருக்கிறேன். ஆயினும் அந்தச் செவ்வட்டம் தந்த மகிழ்ச்சி வேறு.

அந்தப் படலத்தில் நடப்பது என்ன என்பதை இன்றைய அறிவைக்கொண்டு சொல்கிறேன். கண்ணாடியின் உடல் சிலிக்கனும் ஆக்சிஜனும் பின்னிய ஒழுங்கற்ற வலை. சன்னல் கண்ணாடி போன்றவற்றில் அவ்வலையின் கண்களில் சோடியம் அயனிகள் தங்கியிருக்கும். வலையோடு அவற்றுக்குள்ள பிடிப்புத் தளர்ந்தது. தண்ணீர் பட்டதும், அதிலுள்ள ஹைட்ரஜன் அயனி உள்ளே நுழைய, சோடியம் அயனி வெளியே வருகிறது. ஒன்று வர ஒன்று போகும் இந்தப் பண்டமாற்றுக்குத்தான் அயனிப் பரிமாற்றம் என்று பெயர். வெளியே வந்த சோடியத்தால் தண்ணீர் காரமாகிறது, மஞ்சள் சிவக்கிறது. உள்ளே, சோடியத்தை இழந்த மேற்பரப்பில் சிலிகா மிகுந்த ஈரப்படலம் எஞ்சுகிறது. அடுத்து வரும் சோடியம் அப்படலத்தைக் கடந்தே வெளிவரவேண்டியிருப்பதால் பரிமாற்றம் வரவர மெதுவாகிறது. பாரடே கண்ட போர்வை இதுவே.

அப்படலம் மாறாதது என்று அவர் எண்ணினார். அவ்விடத்தில் மட்டும் அவர் சொல் முழுதும் நிற்கவில்லை. மழையில் நாள்தோறும் நனையும் சன்னல் கண்ணாடி ஆண்டுக்கணக்கில் தெளிவாக இருக்கிறது. கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய புதுக் கண்ணாடியோ, இடையில் ஈரம் புகுந்தால், சில வாரங்களிலேயே மங்கிப் போவதுண்டு. காரணம் எளிது. மழைநீர் சோடியத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. இடுக்கில் சிக்கிய ஈரத்துக்குப் போக வழியில்லை. அதில் காரம் ஏறிக்கொண்டே வருகிறது. காரத்தின் அளவு பிஎச் 9ஐத் தாண்டினால் சிலிகா வலையே அறுபடத் தொடங்கும். சோடியம் போவது வேறு, வலை அறுவது வேறு; முன்னது போர்வையை உண்டாக்கும், பின்னது போர்வையைத் தின்னும். அடுக்கும்போது இடையிடையே தாள் வைப்பதும் தூள் தூவுவதும் இதைத் தடுக்கவே.

தண்ணீர் கண்ணாடியைத் தின்னும் என்பதைப் பாரடேக்கு முன்பே இலவாசியே காட்டியிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். கண்ணாடிக் கலத்தில் 101 நாள் தண்ணீரைக் காய்ச்சி, அதில் தோன்றிய வண்டல் தண்ணீர் மண்ணாக மாறியதால் வந்ததன்று, கலத்திலிருந்து கரைந்ததே என்று எடை போட்டு 1770இல் மெய்ப்பித்தார் அவர். ஆனால் கரையாமல் நிற்பது எது, எங்கே நிற்கிறது என்று மேற்பரப்பை நோக்கிக் கேட்டவர் பாரடே.

நிற்க. உலையடியில் பாரடேயின் நிலை நல்லதாக இல்லை. 1827இல் புதிதாகத் தோன்றிய இலண்டன் பல்கலைக்கழகம் வேதியியல் பேராசிரியர் பதவி தருவதாகக் கேட்டது. தம்மை ஆளாக்கிய இராயல் இன்ஸ்டிடியூஷனை விட்டுப் போக மனமின்றி மறுத்துவிட்டார். 1828இல் தீர்க்கரேகை வாரியம் கலைக்கப்பட்டது. 1829இல் டேவி ஜெனிவாவில் காலமானார். கண்ணாடியை நிறுத்தச் சொல்ல எவருமில்லை. அது தானும் முடியவில்லை. தகடுகள் சில நன்றாக வந்தன. அவற்றில் வில்லை தீட்டித் தொலைநோக்கியும் செய்து பார்த்தனர். ஆனால் நாடு எதிர்பார்த்த பெருந்தொழில் எதுவும் அதிலிருந்து கிளம்பவில்லை. 1831 சூலைத் திங்களில் அவர் இராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். கண்ணாடியைச் சிறிது காலம் ஒதுக்கிவைக்க இசைவு தரவேண்டும், தம் உள்ளத்தில் ஓடும் பிற எண்ணங்களைத் தொடர விரும்புகிறேன் என்பது அதன் சாரம். ஆகஸ்டு 29ஆம் நாள் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி மின்தூண்டலைக் கண்டார். கடிதத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே இரண்டு மாதம்கூட இல்லை!

இதைக் காட்டித்தான் அந்த ஆறு ஆண்டுகள் வீண் என்கின்றனர். அவரை அவிழ்த்துவிட்டிருந்தால் முன்பே கண்டிருப்பார் என்பது வாதம். இருக்கலாம். பிறர் கொடுத்த தலைப்பில் உழைக்கும் ஆராய்ச்சி மாணவர் நம்மில் பலர். அந்த வாதம் நமக்கு இனிக்கத்தான் செய்யும். ஆனால் கணக்கில் மற்றொரு பக்கமும் உண்டு.

1833, 1834 ஆண்டுகளில் அவர் மின்பகுப்பை ஆராய்ந்தார். உருகிய உப்புகளின் வழியே மின்சாரத்தைச் செலுத்தினார். உலையில் பழகிய கை அங்கே உதவியிருக்கும் என்பது என் எண்ணம். மின்சாரத்தால் இருபுறமும் இழுபட்டுச் செல்லும் பொருள்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் கிரேக்கத்திலிருந்து தேடிக்கொடுத்தார்: செல்வது என்று பொருள்படும் அயன். அச்சொல்லே நம் நூல்களில் அயனி ஆயிற்று. கண்ணாடியின் போர்வையை 1829இல் கண்டவரும், அப்போர்வையை விளக்கும் சொல்லை 1834இல் உலகுக்கு வழங்கியவரும் ஒருவரே. ஆனால் இரண்டையும் அவர் முடிச்சுப் போடவில்லை. போட்டிருக்கவும் முடியாது. அவர் கருத்தில் அயனி என்பது மின்சாரம் பாயும்போது பிரிந்து செல்வது. மின்சாரம் இன்றியே அயனிகள் கரைசலில் தாமாக உலவுகின்றன என்று அரீனியஸ் சொல்ல இன்னும் ஐம்பது ஆண்டு ஆகவேண்டியிருந்தது. சூடேற்றிய கண்ணாடியினூடே சோடியம் நகர்ந்து செல்வதை 1884இல் வார்பர்க் சோதனையால் காட்டினார்.

அதன்பின் அந்தப் படலம் எங்கெங்கோ போயிற்று. 1906இல் கிரெமரும் 1909இல் ஹேபரும் கிளெமன்சியேவிச்சும் மெல்லிய கண்ணாடிக் குமிழின் இருபுறமும் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் தோன்றுவதை ஆராய்ந்தனர். நம் ஆய்வுக்கூடத்துப் பிஎச் மீட்டரின் மின்முனை அதன் வழிவந்ததே. அதனை உலரவிடாதே, நீரிய கரைசலில் ஊறவை என்று ஆய்வுக்கூட உதவியாளர் நம்மை அதட்டுகிறாரே, ஏன்? ஈரப்படலம் இருந்தால்தான் ஹைட்ரஜன் அயனிகள் வந்து போக முடியும். 1960களில் இதே பரிமாற்றத்தைத் திருப்பி, கண்ணாடியை வலுவாக்கவும் பயன்படுத்தினர். 400 பாகைக்கு மேல் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் கண்ணாடியை மூழ்கவைத்தால், 1.02 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள சோடியம் வெளியேறி, 1.38 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள பொட்டாசியம் அதே இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். மூவர் இருக்கையில் நால்வர் அமர்ந்த மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிபோல் மேற்பரப்பு முழுதும் இறுக்கம்! அந்த இறுக்கத்தை மீறித்தான் கீறல் உள்ளே போகவேண்டும். உங்கள் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியின் முகக் கண்ணாடி பெரும்பாலும் இவ்வாறு குளித்து வந்ததுதான். பொட்டாசியத்தைப் பற்றிப் பாரடே ஏதும் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியின் உடலை விட்டுவிட்டு அதன் தோலை மட்டும் மாற்றலாம் என்னும் சிந்தனைக்கு, தோல் வேறு உடல் வேறு என்று முதலில் காணவேண்டுமல்லவா?

பாரடேயின் கனக் கண்ணாடியில் சோடாவும் இல்லை, பொட்டாசும் இல்லை. வலைக்கண்ணில் ஓடியாடும் கார அயனிகளே அதில் கிடையா. அத்தகைய தகடுகள் பல ஆண்டுகள் அவரிடம் சும்மா கிடந்தன. இடையில் 1840ஐ ஒட்டி அவர் உடல் நலிந்தது, நினைவு தடுமாறிற்று, ஆய்வைப் பெரும்பாலும் விட்டு ஓய்வில் இருந்தார். மீண்டு வந்த அவர், காந்தம் ஒளியைத் தொடுமா என்று பார்க்க விரும்பினார். 1845 செப்டம்பர் 13ஆம் நாள் வலிய மின்காந்தத்தின் அருகே ஒவ்வொரு பொருளாக வைத்து, முனைவாக்கிய ஒளிக்கதிரை அதனூடே செலுத்தினார். காற்றில் மாற்றமில்லை. பிளின்ட் கண்ணாடியில் இல்லை. படிகக் கல்லில் இல்லை. பிறகு பழைய ஈயக் கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து வைத்தார். ஒளியின் தளம் திரும்பியது. காந்தத்துக்கும் ஒளிக்கும் உறவுண்டு என்று உலகம் கண்ட முதற் சான்று அது. நவம்பரில் அதே கண்ணாடித் துண்டைக் காந்த முனைகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டார். இரும்புபோல் முனைகளை நோக்கி நில்லாமல் குறுக்காகத் திரும்பி நின்றது. எதிர்காந்தத் தன்மையும் அவ்வாறே வெளிப்பட்டது.

சர் பட்டம் வேண்டாமென்றார். இராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் மறுத்தார். 1858இல் விக்டோரியா அரசி ஹாம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீடு தந்தார்; அங்கே 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். கண்ணாடி வேலைக்கென்று வந்த சார்ஜண்ட் ஆண்டர்சன், உலை அணைந்த பின்னும் போகவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவரோடு இருந்து, ஓராண்டு முன்னர் 1866இல் மறைந்தார். இருவரும் சேர்ந்து வார்த்த கண்ணாடித் துண்டுகள் இலண்டன் ஆல்பிமார்ல் தெருவில், அதே இராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன.